மூன்றாம் நம்பர் பாட்டில்கள்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கெட்டுப்போனால், அது யார் கைவேலை என்று மறைக்க முடியாது. ஒவ்வொரு மூடியிலும் செடியை வெட்டி வைத்தவரின் நம்பர், தேதி, அன்றைக்கு அது எத்தனையாவது பாட்டில் என்ற மூன்றும் கறுப்புப் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். நான்கு இருக்கைகள், நான்கு பெண்கள், நான்கு நம்பர்கள். மூன்றாம் நம்பர் என் அண்ணி. கெட்டுப்போன பாட்டில்களைப் பொறுக்கி, திங்கட்கிழமைதோறும் நோட்டில் ஏற்றுகிறவள் நான். அண்ணி செய்வதும் நாத்தனார் குறை கண்டுபிடிப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே, இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களா என்று என் அண்ணன் கேட்பார்.

வேலை இதுதான். மூலிகைச் செடியின் தண்டில் கணுவுக்குக் கணு ஒரு குருத்து தூங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கணுவை மட்டும் நகத்தளவு வெட்டி, கண்ணாடி பாட்டிலுக்குள் இருக்கும் கூழில் நட்டு மூடிவிட்டால், ஒரு மாதத்தில் பாட்டில் நிறையச் செடி. அதை மறுபடி வெட்டினால் பத்து பாட்டில். மண் வேண்டாம், மழை வேண்டாம். ஒரே நிபந்தனை, கிருமி கூடாது. கூழில் சர்க்கரையும் சத்தும் கலந்திருப்பதால், செடிக்கு வைத்த சாப்பாட்டுக்கு அழைக்காமலே வந்து முதல் ஆளாக உட்கார்ந்துவிடும் கிருமி. ஆகவே காற்றை வடிகட்டி ஊதும் பெட்டிக்கு முன்னால் அமர்ந்து, கையை ஸ்பிரிட்டால் துடைத்து, இடுக்கியை நெருப்பில் காட்டி, தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டுதான் வெட்ட வேண்டும்.

வெட்டும் அறையின் சுவரில் டாக்டரம்மா மூன்று விதிகள் ஒட்டியிருந்தார். பேசக் கூடாது. தும்மக் கூடாது. பாடக் கூடாது. மூன்றாவது விதி, நாலாம் நம்பர் வேலைக்குச் சேர்ந்த மறுநாள் ஒட்டியது.

டாக்டரம்மா என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடியைப் படித்து டாக்டர் ஆனவர். இது தெரியாமல் எதிர்த் தெருவிலிருந்து முழங்கால் வலியோடு வருகிறவர்கள் உண்டு. அவர் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வலி எப்போது ஆரம்பித்தது என்று முழுக்கக் கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் செடிக்கு முழங்கால் கிடையாதே என்று வருத்தத்தோடு சொல்வார். வந்தவர்கள் பாதி வலி குறைந்துதான் போவார்கள்.

அண்ணிக்குக் கைராசிக்காரி என்று பெயர். ஆறு வருஷம் கழுவும் அறையில் சோடா நீரில் பாட்டில் தேய்த்தவர். ஒருநாள் ஒன்றாம் நம்பருக்குக் காய்ச்சல் வந்ததால் சும்மா உட்காரவைத்துப் பார்த்தார்கள். அண்ணி வெட்டிய கணு ஒன்றுகூட வாடவில்லை. இடுக்கியைப் பிடித்திருக்கிறாரா, கைக்குழந்தையின் விரலைப் பிடித்திருக்கிறாரா என்று தெரியாது, அவ்வளவு பதம். அப்போதிலிருந்து மூன்றாம் இருக்கை அவருடையது. கழுவும் அறை ஒன்றும் தாழ்ந்த இடமில்லை, அங்கே பாட்டில் சுத்தமாகாவிட்டால் இங்கே யாருக்கும் வேலை இல்லை. ஆனால் ஒருவருக்குக் கடவுள் எந்த விரலைக் கொடுத்திருக்கிறாரோ அந்த வேலை கிடைத்துவிட்டால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அண்ணிக்கு வந்திருந்தது.

அந்த வெளிச்சத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

எங்களிடம் நீர்ப்பிரமிக்குப் பெரிய தேவை வந்திருந்த நேரம். ஞாபகசக்திக்கு நல்லது என்று பெயர்பெற்ற சின்ன இலைச் செடி அது. ஒருவருக்கு நாளைக்கு இருபது பாட்டில், வாரத்துக்கு நூறு. நூற்றுக்கு மூன்று கெடலாம், அது கணக்கில் உண்டு. நான்கு வாரம் தொடர்ந்து மூன்றைத் தாண்டினால் அந்த நம்பர் இருக்கையை விட்டுக் கழுவும் அறைக்குப் போக வேண்டும். அண்ணிக்கு முதல் வாரம் ஆறு கெட்டது. இரண்டாம் வாரம் எட்டு. மூன்றாம் வாரமும் எட்டு. கூழின் மேல் பால் சிந்தியதுபோல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. காற்றில் வருகிற பூஞ்சை என்றால் பஞ்சுபோல் இருக்கும். பால்போல் படர்ந்தால் அது ஆளிடமிருந்து வந்தது என்று அர்த்தம். அதே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய மற்ற மூவரின் பாட்டில்களும் நன்றாக இருந்தன. ஆக, செடியின் மேலும் பழி போட முடியவில்லை.

இனி ஒரே ஒரு வாரம்.

வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. என் அம்மா முதலில் பூனையைப் பிடித்தார். பூனையைத் தொட்ட கைதான் காரணம் என்று தீர்ப்பாகி, அது பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. அங்கே மீன் கிடைப்பதால் அது சந்தோஷமாகவே போனது. அடுத்து தலையெண்ணெய் நின்றது. அடுத்து நகம், தோல்வரை வெட்டப்பட்டது. அண்ணன் தன் பங்குக்கு, இரவு பகல் ஸ்பிரிட் வாடை அடிக்கிற மனைவியோடு குடும்பம் நடத்துவது ஆஸ்பத்திரியில் குடியிருப்பதுபோல் இருக்கிறது என்றார். அண்ணி சிரிக்கவில்லை. கழுவிக் கழுவி விரல் நுனி உரிந்திருந்தது. சாப்பிடும்போது உப்பு பட்டு எரிவதை மறைக்க இடது கையை மடியில் இறுக்கிக்கொள்வதை நான் பார்த்தேன்.

அன்றைக்கு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நோட்டு எழுதுறது நீதானே என்று மட்டும் சொல்லிவிட்டு, பாத்திரம் அடுக்கினார். மாமியார் ஒருவர் மருமகளுக்காக மகளைப் பொய் எழுதச் சொல்வது உலகத்தில் எத்தனை வீட்டில் நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மறுநாள் கெட்ட பாட்டில்களை எல்லாம் மேஜைமேல் வரிசையாக அடுக்கினேன். நம்பர் பார்த்தேன், தேதி பார்த்தேன். அதுவரை யாரும் பார்க்காத மூன்றாவது குறிப்பையும் பார்த்தேன். பதினாறு. பதினெட்டு. பதினைந்து. இருபது. பதினேழு. முதல் பத்தில் ஒன்றுகூட இல்லை. கை அசுத்தம் என்றால் காலையிலிருந்தே அசுத்தமாக அல்லவா இருக்க வேண்டும்? ஏதோ ஒன்று காலை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கடைசியில்தான் பாட்டிலுக்குள் போகிறது.

பதினோரு மணிக்கு மேல் வெட்டும் அறையின் கண்ணாடி ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அண்ணி கணுவை நட்டார். மூடியை எடுத்தார். ஆனால் மூடவில்லை. பாட்டிலைப் பெட்டியின் விளிம்புவரை தன் பக்கம் இழுத்து, அதன்மேல் குனிந்தார். மாஸ்க் மேலும் கீழும் அசைந்தது. நன்றாக அசைந்தது. கால் நிமிஷம். பிறகு மூடினார். அடுத்த பாட்டில். மறுபடி குனிந்தார், மறுபடி மாஸ்க் அசைந்தது.

என்னைத் திட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே. முந்தின ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் புதுச் செருப்பைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போய், வாரை அறுத்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் அதே இடத்தில் வைத்திருந்தேன். நாளைக்கு இருபது தடவை, அதுவும் இவ்வளவு பக்தியோடு என்னைத் திட்டுகிறாரே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"உள்ள உக்காந்து என்னைத்தானே திட்டுறீங்க?"

"உன்னையா? உன்னைத் திட்டணும்னா வீட்லயே திட்டிட்டுப் போறேன். அதுக்கு மாஸ்க் எதுக்கு?"

"பின்ன என்ன, ஒரு செருப்பு வாருக்காக ஒரு மனுஷி இவ்வளவு…"

"வாரை அறுத்தது நீதானா?"

நான் நடையை எட்டிப்போட்டேன். அண்ணி விடாமல் கூடவே வந்தார். பிறகு, யாரிடமோ திருடி மாட்டிக்கொண்டவர்போல் மெதுவாகச் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன்னால் ஆய்வக வாசலுக்கு ஒருத்தர் வந்திருந்தாராம். ஞாபகசக்திச் செடி இங்கேதான் வளர்க்கிறார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டு இரண்டு பஸ் மாறி வந்தவர். அவருடைய அம்மாவுக்குப் பிள்ளையின் பெயரே மறந்துவிட்டது. நாலு இலை கொடுங்கள் போதும் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டிலில் இருப்பது இலை மாதிரி இருக்கிற குழந்தை, அது தோட்டத்துக்குப் போய், வளர்ந்து, மருந்தாகி வர இன்னும் எவ்வளவோ நாள் ஆகும் என்று அண்ணிதான் போய்ச் சொன்னார். அந்த மனிதர் கோபப்படவில்லை. சரிங்க, நன்றிங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

"கும்பிடாமப் போயிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும்," என்றார் அண்ணி. "என்னால கொடுக்க முடிஞ்சது ஒண்ணுமில்ல. அதான், மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாட்டிலுக்கும் வேண்டிக்கிறேன். இந்தச் செடி யார் வீட்டுக்குப் போகுதோ அவங்க நல்லா இருக்கணும்னு. யார்னு தெரியாம வேண்ட வரல. அதனால தெரிஞ்சவங்க பேரா ஒவ்வொண்ணுக்கும் வச்சுக்கிட்டேன்."

"எனக்கும் இருக்கா?"

"பதினேழாவது எப்பவும் நீதான்."

பதினேழாவது பாட்டில் மூன்று தடவை கெட்டிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. பதினெட்டு அண்ணன், பத்தொன்பது அம்மா, இருபது சில நாள் பூனை என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாதே. காலையிலிருந்து ஒரே மாஸ்க்கில் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தால் அது நனைந்துபோகும், நனைந்த மாஸ்க்கைத் திறந்த பாட்டிலின்மேல் கொண்டுபோனால் வாயிலிருக்கிற கிருமி உள்ளே விழும், கடைசி பாட்டில்கள் மட்டும் கெடுவது அதனால்தான் என்று விளக்கினேன்.

அண்ணி நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"அப்ப நான் வேண்டிக்கிட்டதாலதான் கெட்டுச்சா?"

"வேண்டினதால இல்ல அண்ணி. வாயால வேண்டினதால."

அவர் அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. எங்கள் நோட்டில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது அவர் கண்முன்னால் வந்துவிட்டது.

"கடவுள்கிட்டப் பேசினதால செடி கெட்டுதுன்னு அந்த நோட்டுல ஏத்திடாத. அதைவிட நான் பாட்டிலே கழுவிக்கிறேன்."

சனி ஞாயிறு முழுக்க எனக்கு அந்தக் கட்டம்தான். காரணத்தை எழுதாவிட்டால் அண்ணிக்குக் கழுவும் அறை. எழுதினால் இருக்கை ஒருவேளை தப்பலாம், ஆனால் அதில் உட்காருகிறவரின் மனசு தப்பாது.

திங்கட்கிழமை காலை கெட்டதைப் பொறுக்கினேன். அண்ணியின் பாட்டில் ஒன்பது. நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒன்றாம் நம்பர் மெல்ல வந்து, எனக்கு இந்த வாரம் ஒன்றுதான் கெட்டிருக்கிறது, மூன்றாம் நம்பருடையதில் இரண்டை என் பேரில் போட்டுக்கொள், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அவர் போன பிறகு இரண்டாம் நம்பர் வந்தார். அதே பேச்சு, அதே இரண்டு. நாலாம் நம்பர் வந்தபோது அவர் வாயைத் திறக்கும் முன்பே இரண்டா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ஒன்பதில் ஆறு போனால் மூன்று. கடவுளே கூட்டிக் கழித்துக் கொடுத்ததுபோல் மிகச் சரியாக விதிக்குள் அடங்கியது. ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று பேர் இப்படி வந்ததைப் பார்த்தபோது, நோட்டு பொய்யானாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. ஆனால் இந்த வாரம் பாட்டிலை மாற்றினால் அடுத்த வாரம் அண்ணி மறுபடி குனிவார், மறுபடி கெடும். அப்புறம் யார் யாருடைய பேரில் எழுதுவது?

ஒன்பது என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், 'மாஸ்க் ஈரம்' என்று எழுதினேன். அதில் பொய் ஒரு எழுத்தும் இல்லை.

நான்கு நம்பர்களும் சுற்றி நிற்க, டாக்டரம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார். மாஸ்க் எப்படி ஈரமானது என்று கேட்டார். கேட்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்தவர்களிடம் இதுதான் தொல்லை, ஒரு காரணம் சொன்னால் அதற்கும் காரணம் கேட்பார்கள். நான் நோட்டைப் பார்த்தேன். அண்ணி தரையைப் பார்த்தார். அப்போது நாலாம் நம்பர் ஒரு அடி முன்னால் வந்து, தப்பு என்னுடையது, நான் மெதுவாகப் பாடிக்கொண்டே இருப்பேன், பாவம் அதைக் கேட்டு மூன்றாம் நம்பரும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார் என்று சொன்னார். அவர் ஒரு மாதமாகப் பாடவே இல்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

அண்ணி நிமிர்ந்தார். தனக்காக என்றால் ஊமையாகவே கழுவும் அறைக்குப் போயிருப்பார். தன் பொருட்டு இன்னொருவர் தலை குனிவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"யாரும் பாடலை டாக்டரம்மா. நான்தான் வேண்டிக்கிட்டேன். பாட்டில் பாட்டிலா."

டாக்டரம்மா சிரிப்பாரோ, கோபப்படுவாரோ என்று பார்த்தோம். அவர் இரண்டும் செய்யவில்லை. முழங்கால் வலிக்காரர்களிடம் கேட்பதுபோல் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், சத்தமாகவா, உதட்டாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாசலுக்கு வந்தவரைப் பற்றியும் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, நாமாகவே ஒன்றை நம்பிவிடக் கூடாது, பார்த்துவிடுவோம் என்றார்.

அப்போதே மூன்று கண்ணாடித் தட்டுகளில் கூழ் ஊற்றிக் கொண்டுவரச் சொன்னார். ஒரு தட்டின் மேல் 'உதட்டால்' என்று எழுதினார். அடுத்ததில் 'மனசால்'. மூன்றாவதில் 'சும்மா'. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புது மாஸ்க். முதல் தட்டைத் திறந்துவைத்து அதன்மேல் குனிந்து அரை மணி நேரம் வழக்கம்போல் உதட்டை அசைத்து வேண்ட வேண்டும். இரண்டாவதுக்கு உதட்டை மூடி மனசுக்குள் மட்டும். மூன்றாவதுக்கு ஒன்றும் செய்யாமல் சும்மா குனிந்திருக்க வேண்டும். அண்ணி பரீட்சை எழுதப்போகிற பிள்ளைபோல் உள்ளே போனார். நாங்கள் நான்கு பேரும் கண்ணாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். ஒன்றரை மணி நேரம் அந்த அறையில் ஒரு வேலையும் நடக்கவில்லை, டாக்டரம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை.

கிருமி விழுந்திருந்தால் வளர்ந்து கண்ணுக்குத் தெரியட்டும் என்று தட்டுகள் இரண்டு நாள் சூட்டுப்பெட்டிக்குள் இருந்தன. அந்த இரண்டு நாளும் அண்ணியின் இருக்கை காலியாக இருந்தது. அவர் கழுவும் அறையில் நின்று, யாரும் சொல்லாமலே, பாட்டில் தேய்த்துக்கொண்டிருந்தார். இருக்கையைவிட அவருக்கு வேறு பயம். இரண்டாவது தட்டும் கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்று செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது என்னிடம் கேட்டார். தண்ணீர் எடுத்து வைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் டாக்டரம்மா தட்டுகளை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தார். உதட்டால் வேண்டிய தட்டில் கடுகு சிதறியதுபோல் பதினாலு புள்ளிகள். மனசால் வேண்டிய தட்டு துடைத்த கண்ணாடிபோல் இருந்தது. மூன்றாவதும் அப்படியே. டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்து மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"கை சுத்தம், மனசும் சுத்தம். மாஸ்க்தான் குற்றவாளி," என்றார். "கடவுளுக்கு நல்லாவே காது கேக்கும். உதட்டுக்கு லீவு கொடுங்க. மூணாம் நம்பர் சீட்டுல மூணாம் நம்பரே உக்காரட்டும்."

என்னிடம், கட்டத்தில் எழுதியது சரி, மாற்ற வேண்டாம் என்றார். நாலாம் நம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவரில் நாலாவது விதியாக, உதடு அசையக் கூடாது என்று எழுத ஒன்றாம் நம்பர் காகிதம் தேடப் போனார். அண்ணி மட்டும் நகரவில்லை. உரிந்த விரலால் மூன்றாவது தட்டைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, இதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. இதுக்கும் வேண்டிக்கிட்டேன். மனசுக்குள்ளதான். ரெண்டுக்கும் வேண்டிட்டு இதை மட்டும் எப்படி விடுறது?"

டாக்டரம்மா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அப்படியானால் மூன்றாவது தட்டு கணக்கிலேயே வராது, புதிதாக ஒன்று வைக்க வேண்டும், இந்தத் தட்டுகளுக்காக ஒரு தடவைகூட வேண்டிக்கொள்ளாத ஒருவர் குனிய வேண்டும், யார் வருகிறீர்கள் என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

ஒன்றாம் நம்பர் காகிதத்தைச் சுருட்டினார். இரண்டாம் நம்பர் தொப்பியைச் சரிசெய்தார். நாலாம் நம்பர் கூரையைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்து, ஏற்கெனவே எழுதியிருந்ததைப் படித்தேன்.

டாக்டரம்மா பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, மூன்றாவது தட்டின் மேலிருந்த 'சும்மா' என்ற எழுத்தைத் தானே துடைத்தார். ஆள் இல்லையென்றால் அவரே குனியலாமே என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அவரும் முன்வரவில்லை.